மாக்வாரி தீவின் பலூன் பதிவைப் படிப்பது எப்படி: கடலில் இருந்து தொடங்குங்கள்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கருவி கட்டி மேலே விடும் வானிலை பலூனின் பதிவைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த வானிலை ஆர்வலர்கள் நம்மிடையே இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கேப் (காற்று தானாக மேலெழக் கிடைக்கும் ஆற்றலின் அளவு) எவ்வளவு, மேலே ஈரம் எதுவரை இருக்கிறது, காற்று எந்த உயரத்தில் திரும்புகிறது என்று நள்ளிரவுவரை பேச்சு ஓடும். அவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது தெற்குப் பெருங்கடல் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை, ஏனென்றால் அங்கே காற்று வேறு கணக்கில் நடக்கிறது, நாம் இங்கே பழகிய கேள்விகளை அங்கே கேட்டால் பதிலே வராது. வேறு கேள்விகளைக் கேட்கப் பழகினால் ஒரே ஒரு பலூன் பதிவை வைத்துக்கொண்டு அந்த நாள் அங்கே எப்படி இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதப்போகிறேன்.

இதற்கு நல்ல இடம் மாக்வாரி தீவு. டாஸ்மேனியாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 1500 கிலோமீட்டர், தெற்கு அட்சரேகை 54.5 டிகிரி. 34 கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம், மரமே இல்லாத ஒரு மேட்டு நிலம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியர்கள் 1948 முதல் அங்கே விடாமல் வானிலை பதிவு செய்கிறார்கள். ஜனவரியில் சராசரி வெப்பநிலை 7 டிகிரி வாக்கில், ஜூலையில் 3 டிகிரி வாக்கில், ஆண்டுக்கே வித்தியாசம் இவ்வளவுதான். ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் ஏதாவது ஒன்று வானத்திலிருந்து விழும், தூறலோ மழையோ பனியோ. மொத்தமாகக் கூட்டினால் சுமார் 1000 மில்லிமீட்டர்தான், சென்னைக்கு அதைவிட அதிகம் பெய்கிறது. சென்னையில் சில பத்து நாட்களில் கொட்டித் தீர்ப்பது அங்கே ஆண்டு முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. ஏன் இப்படி என்பதற்கான பதில் முழுவதும் தரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உலகம் முழுவதும் உள்ள பலூன் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கும். சென்னையின் எண் 43279 என்பது பலருக்கு மனப்பாடம். மாக்வாரியின் எண் 94998. உலக நேரம் 00 அல்லது 12 மணிப் பதிவைக் கேளுங்கள், நம் நேரத்தில் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. தீவின் கடிகாரத்தில் 00 மணி என்பது நடுக்காலை, பகல் பத்து பதினொன்று. வரைபடத்தை மட்டும் எடுக்காதீர்கள், எண்கள் வரும் அட்டவணையையும் எடுங்கள். அதில் அழுத்தம், உயரம், வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் ஈரம் நிறைவுறுமோ அது), ஒப்பீரப்பதம், கலவை விகிதம், காற்றின் திசை, வேகம், அப்புறம் தீட்டா என்று ஒரு நெடுவரிசை இருக்கும். நமக்கு இந்தத் தீட்டா நெடுவரிசைதான் கைவிளக்கு. ஒரு உயரத்தில் இருக்கும் காற்றை அப்படியே 1000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்துக்குக் கீழே கொண்டுவந்தால் அதன் வெப்பநிலை என்னவாக இருக்கும் என்பதுதான் தீட்டா, கெல்வினில். வெவ்வேறு உயரத்துக் காற்றை ஒரே தராசில் வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

இதோடு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, அன்றைய கடல் மேற்பரப்பு வெப்பநிலை. நல்ஸ்கூல் தளத்தில் தீவின் மேற்குப் பக்கம் சொடுக்கினால் எண் வந்துவிடும், பெரும்பாலும் 4 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும். இன்னொன்று, ஜப்பானின் ஹிமாவரி-9 செயற்கைக்கோள் படம். அது 140.7 டிகிரி கிழக்கில் நிற்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு படம், மாக்வாரி அதன் பார்வைக்குள் வரும். ஜூன், ஜூலையில் தீவில் பகலே ஏழு மணி நேரம்தான் என்பதால் அப்போது அகச்சிவப்புப் படத்தையே நம்ப வேண்டியிருக்கும்.

அட்டவணையைத் திறந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். 1000 ஹெக்டோபாஸ்கல் வரியில் சில நாள் உயரம் மட்டும் இருக்கும், வெப்பநிலை இருக்காது. பதிவு பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கடல்மட்ட அழுத்தத்தின் சராசரியே 1000-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, அதனால் பாதி நாள் 1000 ஹெக்டோபாஸ்கல் என்பது கடலுக்கு அடியில் உள்ள கற்பனை மட்டம். சென்னையில் புயல் வந்தால் பார்க்கும் அழுத்தம் அங்கே சாதாரண வியாழக்கிழமை.

முதல் கேள்வி: கடல் சூடா, காற்று சூடா

நம் ஊரில் முதலில் எதைப் பார்ப்போம்? வெயில் எவ்வளவு அடித்தது, தரை எவ்வளவு சூடானது. மாக்வாரியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கடல் பகலிலும் இரவிலும் ஒரே வெப்பத்தில் இருக்கிறது, மேகம் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மதியத்துக்கும் நள்ளிரவுக்கும் சில டிகிரிதான் வித்தியாசம். அங்கே அடுப்பு எரிவதும் அணைவதும் சூரியனால் அல்ல, எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது என்பதால். வடக்கிலிருந்து வரும் காற்று கடலைவிடச் சூடாக வரும். தெற்கிலிருந்து, அண்டார்க்டிக் பனி விளிம்பைத் தொட்டுவிட்டு வரும் காற்று கடலைவிடக் குளிர்ந்து வரும். கடல் நடுவில் மாறாமல் கிடக்கிறது. அதனால் பலூன் பதிவில் முதல் வரியின் வெப்பநிலையை எடுத்துக் கடல் வெப்பநிலையோடு கழித்துப் பாருங்கள், மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம்.

காற்று கடலைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக இருந்தால் கீழடுக்கு அசையாமல் படிந்து கிடக்கும். அடியில் குளிர்ந்த தண்ணீர், மேலே வெதுவெதுப்பான ஈரக்காற்று. கீழ்க்காற்று குளிர்ந்து நிறைவுறும், மூடுபனியோ தாழ்ந்த பாளமேகமோ உருவாகும், தூறும். மேலே எவ்வளவு பலத்த காற்று வீசினாலும் அது கீழே முழுதாக இறங்காது. காற்று கடலைவிட மூன்று, நான்கு டிகிரி குளிர்ந்திருந்தால் கதை தலைகீழ். கடலே அடுப்பாகிவிடும். கீழிருந்து சூடான குமிழிகள் எழும், குவிமேகங்கள் கிளம்பும், இடையிடையே பனித்தூவலும் ஆலங்கட்டியும் கலந்த சாரல் வந்துவந்து போகும், மேலே உள்ள காற்றின் வேகம் கீழே இழுத்துவரப்பட்டுக் கடல்மேல் அறையும்.

இதை இன்னும் உறுதியாகச் சொல்ல ஆய்வாளர்கள் ஒரு கழித்தல் வைத்திருக்கிறார்கள், நாமும் அதைச் செய்யலாம். கடல் மேற்பரப்பின் தீட்டாவிலிருந்து 800 ஹெக்டோபாஸ்கலில், அதாவது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் தீட்டாவைக் கழியுங்கள். விடை நேர்மறையாக வந்தால் குளிர்காற்றுப் பாய்ச்சல் நடக்கிறது. எதிர்மறையாக வந்தால் இல்லை. கணக்கைக் காட்ட நானே எண்களை வைக்கிறேன்: கடல் 6 டிகிரி, அதாவது 279.15 கெல்வின், கடல்மட்ட அழுத்தம் 985. கடலின் தீட்டா 279.15-ஐ (1000/985)-இன் 0.286 அடுக்கால் பெருக்கினால் வருவது, சுமார் 280.4. 800 ஹெக்டோபாஸ்கலில் −12 டிகிரி என்றால் அதன் தீட்டா 278.4. வித்தியாசம் +2. பாய்ச்சல் உண்டு. அதே இடத்தில் −5 டிகிரி இருந்திருந்தால் தீட்டா 285.8, வித்தியாசம் −5.4, கடல் எவ்வளவு முயன்றாலும் குமிழி அந்த உயரத்துக்குப் போகாது. காற்றின் தீட்டாவுக்கு நீங்கள் கணக்குப் போட வேண்டாம், அட்டவணையிலேயே இருக்கிறது. கடலுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அழுத்தத் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள். 970, 980 என்று அழுத்தம் இறங்கும் நாட்களில் அந்தத் திருத்தமே ஒன்றிரண்டு கெல்வின் வரும், கூட்டலா கழித்தலா என்பதையே அது மாற்றிவிடும்.

மூடி எங்கே இருக்கிறது

அடுத்து மேலே ஏறுங்கள். வெப்பநிலை உயரத்தோடு குறைந்துகொண்டே போய், ஓர் இடத்தில் குறைவது நின்று திரும்ப ஏறும் அல்லவா, அந்த வெப்பத் தலைகீழ் அடுக்குதான் மூடி. அதற்குக் கீழே இருப்பது கடலோடு உறவு வைத்திருக்கும் எல்லை அடுக்கு. வரைபடத்தில் மூடிக்குக் கீழே பனிப்புள்ளிக் கோடும் வெப்பநிலைக் கோடும் ஒட்டிக்கொண்டு வரும், மூடியைத் தாண்டியதும் பனிப்புள்ளி சடாரென்று இடப்பக்கம் விலகும். இரண்டும் ஒன்றாக நடக்கும் இடத்தைத் தேடினால் தவறாது. அங்கேதான் மேகத்தின் உச்சியும் இருக்கும்.

மேகத்தின் அடி எங்கே என்பதற்குப் பழைய கைக்கணக்கே போதும்: தரையில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை 125-ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். இடைவெளி நான்கு டிகிரி என்றால் 500 மீட்டர். அரை டிகிரி என்றால் அறுபது மீட்டர், அதாவது மேகம் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. உயர்ந்த இடங்களில் 400 மீட்டரைத் தொடும் மாக்வாரியின் மேட்டு நிலம் அந்த நாளில் முழுக்க மேகத்துக்குள் இருக்கும்.

இங்கேதான் தெற்குப் பெருங்கடல் மற்ற கடல்களிலிருந்து விலகுகிறது, நான் நிறைய நேரம் செலவழிக்கும் இடமும் இதுதான். கலிஃபோர்னியாவுக்கு அப்பால், பெரு நாட்டுக்கு அப்பால் உள்ள கடல்களில் ஒரே ஒரு பலமான மூடி, அதற்குக் கீழே நன்றாகக் கலந்த ஓர் அடுக்கு என்று பாடப்புத்தகப் படம் போலவே பல நாட்கள் இருக்கும். மாக்வாரியில் அப்படிக் கிடைப்பது அபூர்வம். அடிக்கடி இரண்டு மூடி இருக்கும். கடலை ஒட்டி 300 முதல் 600 மீட்டர் வரை ஒரு கலந்த அடுக்கு, அதன்மேல் மெல்லிய ஒரு தடை, அதற்கும் மேல் இன்னொரு ஈர அடுக்கு, அப்புறம் இரண்டு கிலோமீட்டர் வாக்கில் உண்மையான மூடி. காரணம் ஒன்றல்ல. வளிமுகங்கள், அதாவது சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லைகள், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால் எந்த அடுக்குக்கும் நிதானமாகக் கலந்து முடிக்க நேரம் கிடைப்பதில்லை. மேல் மேகத்திலிருந்து விழும் தூறல் பாதிவழியில் ஆவியாகி அந்த இடத்துக் காற்றைக் குளிர்வித்துவிடுகிறது, அதனால் கீழடுக்கு மேலடுக்கிலிருந்து அறுந்துபோகிறது. காற்றின் வேகம் உயரத்தோடு மாறுவதும் சேர்ந்துகொள்கிறது.

அறுந்திருக்கிறதா இல்லையா என்பதை வெப்பநிலைக் கோட்டில் தேடினால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெல்லியது. கலவை விகித நெடுவரிசையைப் பாருங்கள். ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்பது அது. கலந்த அடுக்கில் இந்த எண் உயரத்தோடு மாறாது, 4.1, 4.1, 4.0 என்று போகும். திடீரென்று 3.2 ஆகி, மறுபடி 3.2, 3.1 என்று இன்னொரு தட்டையான பகுதி வந்தால் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன, நடுவில் கதவு மூடியிருக்கிறது. தீட்டாவும் அதே இடத்தில் ஒரு படி ஏறியிருக்கும். இந்த நாட்களில் செயற்கைக்கோள் படத்தில் மேல்மேகப் பாளம் மட்டும் தெரியும், அதற்குக் கீழே தனியாகச் சிறு குவிமேகங்கள் இருப்பது தெரியவே தெரியாது. பலூன்தான் காட்டிக்கொடுக்கும்.

காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது

இது சுருக்கமாகச் சொல்லக்கூடியது, ஆனால் நம் பழக்கத்தை மாற்ற வேண்டிய இடம். வட அரைக்கோளத்தில் உயரம் ஏற ஏறக் காற்றின் திசை கடிகார முள் போகும் பக்கம் திரும்பினால் சூடான காற்று வந்துகொண்டிருக்கிறது என்று படித்திருப்போம். தெற்கில் இது அப்படியே மாறும். மாக்வாரியில் கீழே 320 டிகிரி, 850-இல் 300, 700-இல் 280 என்று எண் குறைந்துகொண்டே வந்தால், அதாவது எதிர்க்கடிகாரப் பக்கம் திரும்பினால், வடக்கத்திச் சூடு வருகிறது. கீழே 225, மேலே 250, 270 என்று ஏறினால் தெற்கத்திக் குளிர் வருகிறது. இதைக் கடல்-காற்று வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் உங்கள் கணிப்பு உறுதி. இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலும் வளிமுகம் தீவின்மேலேயே நிற்கிறது, அல்லது இப்போதுதான் கடந்திருக்கிறது.

மேகத்துக்குள் இருப்பது நீரா, பனியா

எனக்கு இந்தக் கடலின்மேல் இத்தனை பிடிப்பு வந்ததே இந்தக் கேள்வியால்தான். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் உறையும் என்று நாம் நினைக்கிறோம். சிறு மேகத்துளிகள் அப்படி உடனே உறையாது, உறைய ஆரம்பிக்க ஒரு விதை வேண்டும், பாலைவனத் தூசி போன்ற ஒரு துகள். விதை இல்லாவிட்டால் −38 டிகிரி வாக்கில்தான் தானாக உறையும். சுற்றிலும் நிலமே இல்லாத தெற்குப் பெருங்கடலில் தூசிக்கு எங்கே போவது? கடல் தெளிக்கும் நுரையிலிருந்து கொஞ்சம் விதை கிடைக்கிறது, அதுவும் மிகக் குறைவு. அதனால் −10, −15, சில நேரம் −20 டிகிரியிலும் மேக உச்சி திரவ நீராகவே இருக்கிறது.

இதைப் பருவநிலை மாதிரிகள் நெடுங்காலம் தவறாகவே கணித்தன. மேகத்தைச் சீக்கிரம் பனியாக்கிவிட்டன. பனியானால் துகள்கள் பெரிதாகி விழுந்துவிடும், மேகம் மெலிந்துவிடும், வெயில் கடலுக்குள் இறங்கிவிடும். உண்மையில் அங்கே பளிச்சென்ற நீர்மேகம் நின்று வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இதை நேரில் அளக்கத்தான் 2018 ஜனவரி, பிப்ரவரியில் ஹோபார்ட்டிலிருந்து சாக்ரடீஸ் என்ற பெயரில் ஆய்வு விமானம் இந்த மேகங்களுக்குள் பறந்தது, அதே காலத்தில் இன்வெஸ்டிகேட்டர் கப்பலும் ஆரோரா ஆஸ்ட்ராலிஸ் கப்பலும் கருவிகளோடு கடலில் இருந்தன, மாக்வாரியிலும் 2016 முதல் 2018 வரை தனியாகக் கருவிகள் வைத்து அளந்தார்கள். விமானம் போன இடமெல்லாம் உறையாத நீர் மேகங்கள்.

நம் கையில் இருப்பது பலூன் பதிவு மட்டும்தான், அதிலிருந்து ஒரு துப்பு எடுக்கலாம். பதிவில் வரும் பனிப்புள்ளியும் ஒப்பீரப்பதமும் திரவ நீரை வைத்துக் கணக்கிடப்பட்டவை. மேகம் நீர்த்துளிகளால் ஆனதாக இருந்தால் அங்கே ஒப்பீரப்பதம் 100-ஐ ஒட்டி இருக்கும், வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் இடைவெளி அரை டிகிரிக்குள். முழுக்கப் பனித்துகள்களாக மாறிவிட்ட மேகத்தில் காற்று பனியைப் பொறுத்துத்தான் நிறைவுற்றிருக்கும். −10 டிகிரியில் அது நீரைப் பொறுத்து 91 சதவீதம், −20-இல் 82 சதவீதம்தான், இடைவெளி இரண்டு டிகிரி வரை விலகும். ஆக, −15 டிகிரியில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே உறையாத நீர் இருக்கிறது என்று நம்பலாம். ஈரப்பதம் அளக்கும் கருவிக்குச் சில சதவீதப் பிழை உண்டு, ஒரே ஒரு வரியை வைத்து முடிவு கட்டாமல் மேகத்தின் முழு ஆழத்திலும் பாருங்கள். மேகத்தின் மேல்பாதி ஒட்டியும் கீழ்ப்பாதி கொஞ்சம் விலகியும் இருப்பது அங்கே சகஜம், உச்சியில் நீர், அதிலிருந்து விழும் பனி கீழே.

ஒரு வளிமுகம் கடந்துபோகும் நாட்களில்

தனித்தனியாகப் படித்ததை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்க அடுத்தடுத்த நான்கு பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் நான் வைத்தவைதான், ஆனால் இப்படிப்பட்ட வரிசையை நீங்கள் அந்த அட்டவணைகளில் மாதத்துக்குப் பல முறை காணலாம்.

முதல் பதிவு: காற்று 8 டிகிரி, பனிப்புள்ளி 7.5, கடல் 6. காற்றின் திசை 330, வேகம் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்). அழுத்தம் 1002, இறங்கிக்கொண்டிருக்கிறது. உயரம் ஏற ஏறத் திசை 300, 280 என்று பின்வாங்குகிறது. கடலைவிடக் காற்று சூடு, மேகம் அறுபது மீட்டரில். வெளியே நின்றால் ஈரமான சாம்பல் நிறம், கண்ணாடியில் தூறல், எதிரே கடல் தெரியாது. 700 ஹெக்டோபாஸ்கல் தாண்டியும் கோடுகள் ஒட்டியே இருந்தால் வளிமுகத்தின் ஆழ்ந்த மேகம் நெருங்கிவிட்டது, தூறல் மழையாகும்.

அடுத்த பதிவு பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காற்று 2 டிகிரி, பனிப்புள்ளி −2, திசை 230, வேகம் 35 நாட், அழுத்தம் 985. கடல் அதே 6. எல்லாம் மாறிவிட்டது. மேக அடி 500 மீட்டர், அதுவரை வெப்பநிலை கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி என்ற உலர் வீதத்தில் செங்குத்தாகச் சரிகிறது, மேகத்துக்குள் கொஞ்சம் மெதுவாக, கிலோமீட்டருக்கு ஏழரை டிகிரி போல. 2.3 கிலோமீட்டரில் −17 டிகிரியில் மூடி. தீட்டா வித்தியாசம் +2. ஹிமாவரி படத்தைத் திறந்தால் தேன்கூடு போல, நடுவில் தெளிந்த கடலும் சுற்றிலும் மேக வளையமுமாகத் திறந்த அறைகள் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு சாரல். ஒரு வளையம் தீவைக் கடக்கும்போது பத்து நிமிடம் பனித்தூவல், அப்புறம் வெயில், அப்புறம் அடுத்த வளையம்.

மூன்றாவது பதிவில் காற்று 4 டிகிரி, வேகம் தணிந்து அழுத்தம் ஏறுகிறது. உயரழுத்த முகடு நெருங்குகிறது, மேலிருந்து காற்று கீழே அமுங்குகிறது, அமுங்கும் காற்று சூடாகி உலரும். மூடி 1.3 கிலோமீட்டருக்கு இறங்கி, அதன்மேல் நான்கைந்து டிகிரி ஏறும், ஒப்பீரப்பதம் இருபது சதவீதத்துக்கு விழும். படத்தில் இப்போது அறைகள் மூடிக்கொள்ளும்: நடுவில் மேகம், விளிம்புகளில் மட்டும் நூலிழை போலத் தெளிவு. இந்த மேகம்தான் வெயிலை அதிகம் திருப்பி அனுப்புவது. மூடி எவ்வளவு பலம் என்பதை அளக்க 700 ஹெக்டோபாஸ்கலின் தீட்டாவிலிருந்து கடல்மட்டக் காற்றின் தீட்டாவைக் கழியுங்கள். குளிர்காற்றுப் பாய்ச்சலின்போது இந்த எண் பத்துக்குக் கீழே கிடந்திருக்கும், இப்போது பதினைந்தைத் தாண்டியிருக்கும். எண் ஏற ஏற மேகப் பாளம் இடைவெளியில்லாமல் நிறையும்.

நான்காவது பதிவில் காற்று மறுபடி வடமேற்குக்குத் திரும்பியிருக்கும். அடுத்த வளிமுகம்.

ஏமாறும் இடங்கள்

முதல் வரி பலூனுடையது அல்ல, நிலையத்தில் உள்ள கருவியுடையது. அதற்கும் அடுத்த வரிக்கும் நடுவில் தெரியும் சிறு தாவலை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

மேகத்தை விட்டு வெளியே வரும் கருவி நனைந்திருக்கும். வெளியே உலர்ந்த காற்று, கருவியில் உள்ள நீர் ஆவியாகும், வெப்பநிலை உணரி குளிர்ந்துபோகும். அதனால் மேக உச்சிக்கு மேலே சில பத்து மீட்டருக்கு வெப்பநிலை உலர் வீதத்தைவிட வேகமாகச் சரிவது போலப் பதிவாகும். தீட்டா உயரத்தோடு குறைவதாகக் காட்டினால் இதுதான் நடந்திருக்கிறது, அங்கே காற்று அப்படி இருக்கவே முடியாது, உடனே கவிழ்ந்துவிடும். மூடியின் அடிப்பகுதி உண்மையில் அந்தச் சரிவு தொடங்கும் இடத்தில் இருக்கிறது.

இன்னொன்று, அட்டவணையில் சில பதிவுகளில் முக்கியப் புள்ளிகள் மட்டுமே வரும். நூறு மீட்டர் தடிமனுள்ள மூடி இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளலாம். நுண்ணிய இடைவெளியில் எடுத்த பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேப் எண்ணைப் பார்த்து ஒன்றும் நடக்காது என்று முடிவு செய்வது பெரிய தவறு. அங்கே கேப் நூறைத் தாண்டினாலே பெரிய விஷயம், ஆனாலும் சாரல் பெய்கிறது, ஆலங்கட்டி விழுகிறது, ஏனென்றால் அடியில் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது, குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டே இருக்கின்றன. சென்னையில் 16, 17 கிலோமீட்டரில் இருக்கும் கீழ் வளிமண்டலத்தின் உச்சி, மேகமும் மழையும் நடக்கும் அடுக்கின் மேல்விளிம்பு, மாக்வாரியில் ஒன்பது, பத்து கிலோமீட்டருக்கு இறங்கியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். சென்னைக்குப் பழகிய கண்ணுக்கு அங்கே எல்லாமே குள்ளமாகத்தான் தெரியும்.

நம் கரைக்கு வரும் அலை

மாக்வாரியில் கை பழகியதும் கெர்கலென் தீவின் பதிவை எடுங்கள், எண் 61998. பிரெஞ்சுக்காரர்களின் தீவு, தெற்கு அட்சரேகை 49 டிகிரி, கிழக்கு தீர்க்கரேகை 70 டிகிரி, நம் கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ நேர் தெற்கே என்று சொல்லலாம். அங்கே நடப்பது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. வெயில் அடிக்கும் நாளில், உள்ளூரில் காற்றே இல்லாதபோது, குமரி மாவட்டக் கடற்கரையில் திடீரென்று கடல் ஏறி வந்து படகுகளையும் வீடுகளையும் தொடுமே, மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வது, அந்த அலைகள் பிறப்பது இந்தத் தெற்குக் கடலில்தான்.

முன்பு பார்த்த அதே கழித்தல் இங்கேயும் உதவும். கடலைவிடக் குளிர்ந்த காற்று வீசும்போது மேல்காற்றின் வேகம் கீழே இறங்குகிறது, அதே வேகத்துக் காற்று நிலையான அடுக்கில் எழுப்புவதைவிடப் பெரிய அலையை எழுப்புகிறது. கெர்கலெனில் அழுத்தம் ஆழமாக இறங்கி, காற்று தென்மேற்குக்கும் தெற்குக்கும் திரும்பி, தீட்டா வித்தியாசம் நேர்மறையாக இருந்து, காற்று 40 நாட் வேகத்துக்கு மேல் ஒரு நாள் முழுக்க நீடித்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 18 விநாடி இடைவெளியில் வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் போகும், கன்னியாகுமரிவரை ஏறத்தாழ 6400 கிலோமீட்டர், ஐந்து நாள், கொஞ்சம் கூடுதல். புயல் இன்னும் வடக்கே ஏறி வந்திருந்தால் நான்கு நாள். அந்த நாள் நெருங்கும்போது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலை எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பாருங்கள், கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையையே சொல்லுங்கள், நம் பலூன் கணிப்பை அல்ல. அலை வந்து சேர்ந்ததும் குறித்து வைத்த தேதிக்குத் திரும்பிப்போய் அன்றைய கெர்கலென் பதிவை முதல் வரியிலிருந்து மறுபடி படியுங்கள்.